பழைய வண்டி, கியர் கல்லு மாதிரி விழுது: இன்ஜினை இறக்கித்தான் ஆகணுமா?

பாம்பன் பையன்
அண்ணன்மாரே, ஒரு உதவி. ரெண்டு மாசம் முன்னாடி 150 சிசி வண்டி ஒண்ணு செகண்ட் ஹேண்டா வாங்கினேன். 2016 மாடல், அஞ்சு கியர், மீட்டர்ல 62,000 கிலோமீட்டர். விடிய மீன் பெட்டியைக் கட்டிக்கிட்டு பாம்பன்ல இருந்து ராமநாதபுரம் போய் வர்ற வண்டி.

முதல் கியர் போட்டா டொக்குன்னு சத்தம் கேட்டு வண்டி ஒரு துள்ளு துள்ளுது. ராமநாதபுரம் நெரிசல்ல நின்னா நியூட்ரல் சிக்கவே மாட்டேங்குது. ஒண்ணுல இருந்து ரெண்டு, ரெண்டுல இருந்து ஒண்ணு, நடுவுல நிக்காது. இன்ஜினை ஆஃப் பண்ணா மட்டும் லேசா விழுந்துருது. ரெண்டுல இருந்து மூணு போறப்பவும் சில நேரம் விழாம சும்மா கத்துது. பட்டறையில காட்டினேன். கியர் பாக்ஸ் போச்சு, இன்ஜினை இறக்கணும், எட்டாயிரம் ஆகும்னுட்டாங்க. வண்டி வாங்கினதே இருபத்தெட்டாயிரம்.

உச்சிப்புளி
ஆயில் தண்ணியாப் போயிருக்கும் தம்பி. கார் ஆயில் ஊத்திப் பாரு, எங்க மாமா அப்படித்தான் ஓட்டுறாரு.

தொண்டி பட்டறை
மாமா வண்டி மாமாவோட இருக்கட்டும். பைக்ல கிளட்ச் பிளேட்டும் கியரும் ஒரே ஆயில்லதான் முங்கிக் கிடக்கு. கார் ஆயில் பலதுலயும் வழுக்கலுக்குன்னு ஒரு சரக்கு சேர்ப்பாங்க. அது பிளேட்டையும் வழுக்க வச்சிரும். சத்தம் ஏறும், வேகம் ஏறாது. டப்பாவுல ஜாசோ எம்ஏ இல்லன்னா எம்ஏ2ன்னு இருக்கான்னு பாத்து வாங்கு, ஆயில்ல முங்கின பைக் கிளட்ச்சுக்கு ஒத்துவரும்னு காட்டுற முத்திரை அது. கிரேடு வண்டிப் புத்தகத்துல உள்ளதுதான்.

இன்ஜின் ஆஃப்ல நியூட்ரல் லேசா விழுதுன்னு நீயே சொல்லிட்ட. அப்ப எனக்கு கியர் பல்லு மேல சந்தேகம் இல்ல தம்பி, கிளட்ச் முழுசா விடல. நீ லிவரைப் பிடிச்ச பிறகும் பிளேட்டு ஒட்டிக்கிட்டுச் சுத்துது. சுத்துற பல்லும் நிக்கிற பல்லும் மோதினா டொக்குன்னுதான் கேக்கும்.

இன்ஜின் சூடானதும் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, கிளட்சைப் பிடிச்சு முதல் கியர் போடு. பின் சக்கரம் மெதுவாச் சுத்தும், அது ஆயில் இழுக்கிறது, பயப்படாத. பிரேக்கை மெல்ல மிதி. சக்கரம் சட்டுன்னு நின்னா சரி. இன்ஜின் திணறுச்சுன்னா கிளட்ச் இழுக்குது. அப்புறம் கிளட்ச் லிவர் நுனியில ப்ளே பாரு, அதாவது வயர் இறுகுறதுக்கு முன்னாடி லிவர் சும்மா ஆடுற தூரம், 10ல இருந்து 20 மில்லிமீட்டர் இருக்கலாம். அதுக்கு மேல லொடலொடன்னு ஆடினா கிளட்ச் விடாது. அதுக்காக ப்ளேயே இல்லாம இறுக்கிறாத, பிளேட்டு கருகிரும்.

கீழக்கரை காக்கா
கடக்கரை வண்டிக்கு முதல்ல கிளட்ச் வயரைப் பாருங்க தம்பி. மேல உறை புதுசாட்டம் தெரியும், உள்ள உப்புக்காத்து குடிச்சுத் துருவேறிக் கிடக்கும். லிவர்ப் பக்க முனையில ரெண்டு மூணு இழை அறுந்து நின்னா எண்ணெய் விட்டு ஒப்பேத்தாம மாத்திருங்க. வாடைக் காலத்துல திண்ணை ஓரமா நிறுத்தின வண்டிக்கே இந்தக் கதி.

இன்னொண்ணு, மீன் பெட்டித் தண்ணி எங்க வடியுது? செயின்ல வடிஞ்சா அது உப்புத்தண்ணி. கண்ணி இறுகி, கியர் மாத்துறப்ப இழுத்து இழுத்து விடும்.

பாம்பன் பையன்
மூணு நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். தொண்டி அண்ணே சொன்ன மாதிரி பிரேக் மிதிச்சதும் இன்ஜின் இருமிக்கிட்டே ஆஃப் ஆயிருச்சு. வயரைக் கழட்டித் தலைகீழாப் பிடிச்சா டீத்தண்ணி மாதிரி துரு வடியுது! முனையில நாலு இழை அறுந்திருக்கு. புது வயர் போட்டு ப்ளே வச்சாச்சு, ஆயிலும் மாத்தியாச்சு. பழைய ஆயில் தார். செயினை மண்ணெண்ணெய்ல கழுவினா எட்டுக் கண்ணி மடங்கவே இல்ல, நல்லா எண்ணெய் போட்டிருக்கேன். பெட்டி ஓட்டையில ஒரு டியூபைச் சொருகி வெளிய இறக்கிட்டேன்.

இப்ப நியூட்ரல் ஒரே தட்டுல விழுது. ஆனா மூணாவது கியர் மட்டும் இன்னும் பத்துக்கு ஒரு தடவை ஏமாத்துது.

தொண்டி பட்டறை
கால்ல என்ன போட்டு ஓட்டுற?

பாம்பன் பையன்
ரப்பர் செருப்புதாண்ணே.

தொண்டி பட்டறை
நெனச்சேன். முன்னால வச்சிருந்தவர் ஷூ போட்டு ஓட்டியிருப்பாரு, கியர் லிவர் ஷூ உசரத்துக்கு நிக்கும். செருப்புக் காலுக்கு அது எட்டாது, நீ பாதி தூக்கிட்டு விட்டுருவ. லிவர் போல்ட்டைக் கழட்டி, லிவர் மாட்டுற தண்டுல இருக்கிற பல்லுல ஒரு பல்லு இறக்கி மாட்டு. அந்தப் பல்லு தேஞ்சு லிவர் ஆடுதான்னும் பாத்துக்க.

அதுக்குப் பிறகும், மூணுல ஒழுங்கா விழுந்து, பாரத்தோட முறுக்குறப்ப தானா வெளிய குதிச்சா மட்டும்தான் உள்ள தேய்மானம். அப்பத்தான் இன்ஜினைப் பிரிக்கிற பேச்சு. கிளட்ச் திரும்ப இழுத்தாக்கூட வலது பக்க மூடியைத் திறந்து பிளேட்டும் அது உக்கார்ற கூடையும் பாத்தாப் போதும், இன்ஜினை இறக்க வேண்டியதில்ல.

பாம்பன் பையன்
ஒரு பல்லு இறக்கிட்டேன். நேத்தும் இன்னைக்கும் பெட்டியோட போய் வந்தாச்சு, ஒரு தடவைகூட ஏமாத்தல. வயர், ஆயில் எல்லாம் சேத்து எழுநூறு சொச்சம்.

உச்சிப்புளி
மாமாகிட்ட சொல்லிட்டேன். கார் ஆயிலை இறக்கப் போறாராம்.