ஸ்டென்ட் வைத்த பிறகு தாம்பத்யம்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். வயது 52. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்து 3 மாதம் ஆகிறது. தினமும் 40 நிமிடம் நடக்கிறேன். இரண்டு மாடி ஏறினாலும் நெஞ்சு வலியோ மூச்சு வாங்கலோ இல்லை. அது முடிந்தால் தாம்பத்யத்தையும் இதயம் தாங்கும் என்றார் டாக்டர்.

ஆனால் மனைவிக்குப் பயம் போகவில்லை. கை பட்டாலே "பிரஷர் ஏறிடும், பேசாம படுங்க" என்று அழுகிறாள்.

(வயாகரா வகை மாத்திரை எதுவும் சொல்லாதீர்கள். நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையோடு சேர்ந்தால் பிரஷர் ஆபத்தாக இறங்கிவிடும்.)

இதைக் கடந்து வந்தவர்களே, உங்கள் வீட்டில் அந்தப் பயம் எப்படித் தெளிந்தது? மனைவியையும் டாக்டரிடம் கூட்டிப் போனீர்களா? பெண்கள் யாராவது எழுதினால் அவளிடம் அப்படியே படித்துக் காட்டுவேன்.