சிவானந்தன் ஊருக்கு என்ன செய்தவர்?

சண்டிலிப்பாய் உறவுகளுக்கு வணக்கம்.

எங்கள் ஊர் மலரில், லண்டனில் இனவாதத்துக்கு எதிராக நின்ற எழுத்தாளர் அ. சிவானந்தனுக்கு இரண்டு பக்கம் கேட்டிருந்தேன். "பிறந்ததே கொழும்பில், ஊருக்கு என்ன செய்தவர்?" என்று ஒரு அண்ணை பதில் போட்டிருக்கிறார். சரி, அவர் கிணறு வெட்டிக் கொடுத்தவரல்ல, கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தவருமல்ல.

தகப்பன் வழியில் எங்கள் ஊர். பிறந்தது 1923இல். மருதானை சென் ஜோசப்பில் படிப்பு, பல்கலைக்கழகத்தில் பொருளியல், மலையகத்தில் ஆசிரியர் வேலை, அப்புறம் பாங்க் மனேஜர். அந்தக் காலத்தில் அதற்குமேல் என்ன வேண்டும்? 1958இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் பெற்றோரின் வீட்டைத் தாக்கினார்கள். இத்தனைக்கும் இவருடைய மனைவி சிங்களவர்.

அதே கலவரத்தில் என் அம்மா வெள்ளவத்தையிலிருந்து அகதியாகி, கப்பலில் காங்கேசன்துறை போனவர். தையல் மெசினின் தலையை மட்டும் கழற்றி, சீலையில் சுற்றி மடியில் வைத்திருந்தாராம்.

சிவானந்தன் போனது லண்டனுக்கு. இறங்கினால் அங்கே நொட்டிங் ஹில்லில் கறுப்பர்களுக்கு அடி. மனேஜராக இருந்தவருக்கு ஒரு நூலகத்தில் தேத்தண்ணி கொடுக்கிற வேலைதான் கிடைத்தது. (வெளிநாட்டில் பார்த்த முதல் வேலையை எங்களில் எத்தனை பேர் வீட்டுக்கு எழுதினோம்?)

நூலகர் படிப்பை முடித்து, 1964இல் இன உறவுகள் நிறுவனத்தில் தலைமை நூலகரானார். பெரிய கம்பனிகளின் காசில், மேல்தட்டுச் சபை ஒன்று நடத்திய இடம் அது. ஆராய வேண்டியது கறுப்பர்களையல்ல, வெள்ளை இனவாதத்தை என்று இவரும் ஊழியர்களும் நின்றார்கள். 1972இல் உறுப்பினர்களின் வாக்கில் சபை தோற்றது. சபையோடு காசும் போனது. நூலகம் மட்டும் மிஞ்சியது. அடுத்த வருடம் இவரே பணிப்பாளர். ‘இனம்’ என்றிருந்த சஞ்சிகை 1974இல் ‘இனமும் வர்க்கமும்’ ஆனது. எழுபது தாண்டி, இலங்கையின் மூன்று தலைமுறையை வைத்து ஒரு நாவலும் எழுதினார். 2018 ஜனவரியில் லண்டனில் காலமானபோது வயது 94.

கறுப்பு தோலின் நிறமல்ல, அரசியலின் நிறம் என்பது அவருடைய வாதம். ஆபிரிக்கர், கரீபியர், ஆசியர் எல்லோரும் அதில் அடக்கம், நாங்களும்தான். கலியாண வீட்டில் "கறுவல்" என்று சொல்லிச் சிரிக்கிற எங்கள் ஆட்களுக்கு அது இன்னும் எட்டவில்லை. அண்ணை, இரண்டு பக்கம் காணாது, மூன்றாகத் தாருங்கள்.

சிவானந்தன் குடும்பத்தின் பழைய வீடு ஊரில் எந்த ஒழுங்கையில் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். படம் எடுக்க ஊரில் ஒரு தம்பி இருக்கிறார். தை முடிய முன் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

வெள்ளவத்தையிலிருந்து,
மலர்க்குழுவுக்காக