மேவெதர் சண்டைக்கு 100 டாலரா 89.95ஆ? பில்லைப் போடுங்க அண்ணே

புதுவயல்காரன்:
தேவகோட்டை டைகர் அண்ணன் நேத்து ஒண்ணு எழுதியிருந்தாரு பாத்தீங்களா, "டிவில சண்டைக்குச் சண்டை காசு கட்டி பாக்ஸிங் பாக்குற செலவு ஏறிப்போச்சுன்னு சும்மா அழுவாதீங்கப்பா, 2015லயே மேவெதர் பக்கியாவ் சண்டைக்கு நாங்க 100 டாலர் குடுத்தோம், 2023ல 85க்கே கிடைச்சுது, விலை எறங்கித்தான் இருக்கு"ன்னு. படிச்சதுலேருந்து சோறு எறங்கல. அமெரிக்காவுல 1997ல டைசன் காதைக் கடிச்ச சண்டை 49.95. 2007ல மேவெதர் டி லா ஹோயா 54.95. 2021ல ஃபியூரி வைல்டர் மூணாவது சண்டை 79.99. 2023ல டேவிஸ் கார்சியா 84.99. இது எறக்கமாண்ணே? எங்க ஊர் மச்சுப்படில எறங்குறப்போ கூட இப்படி மேல போனதில்ல. அப்புறம் அந்த 100 டாலர் பொய். விலை 89.95.

தேவகோட்டை டைகர்:
தம்பி, 99.95. நான் நியூஜெர்சில இருந்து என் கையால குடுத்த காசு. ஊர்ல உக்காந்துகிட்டு எனக்கே விலை சொல்றியா.

புதுவயல்காரன்:
எச்டிக்கு 99.95. சாதாவுக்கு 89.95. உங்க வீட்ல சாதா தான்.

தேவகோட்டை டைகர்:
எச்டி தான்.

கண்டனூர் மாப்ளே:
நல்ல நாள்லயே ஆரம்பிச்சுட்டாங்கய்யா. விலை ஏன் ஏறுதுன்னு பேசலாமே. கிரிக்கெட் மாதிரி வருஷம் பூரா ஆட்டம் காட்டி விளம்பரத்துல சம்பாதிக்கிற தொழில் இல்ல இது. ஒரே ஒரு ராத்திரி, ரெண்டு ஆளு, அவங்களுக்கு குடுக்குற பணம் அந்த ஒரு ராத்திரியில வந்தாகணும். வந்த பணத்துல மேவெதருக்கு 60 பங்கு, பக்கியாவுக்கு 40. டிவில வாங்குறவன் குடுக்குற காசுல பாதிக்குப் பக்கம் கேபிள் டிஷ்காரன் எடுத்துக்குவான். 2015ல அமெரிக்காவுல வாங்குனது 46 லட்சம் வீடு, 40 கோடி டாலருக்கு மேல வசூல். 2023ல டேவிஸ் கார்சியாவுக்கு 12 லட்சம், அதையே பெரிய வெற்றின்னு கொண்டாடுனாங்க. வாங்குற ஆள் கொறைய கொறைய இருக்குற ஆள் தலையில தானே ஏத்துவான். மிச்சப் பேரு திருட்டு லிங்க். மேவெதர் சண்டையவே பெரிஸ்கோப்ங்கிற லைவ் ஆப்புல, டிவி முன்னால போனைப் புடிச்சு காமிச்சானுங்க.

புதுவயல்காரன்:
மாப்ளே வாயில சக்கரை. 40 கோடியை 46 லட்சத்தால வகுங்க. 87 டாலர் தான் வருது. எல்லாரும் 100 குடுத்திருந்தா 46 கோடில்ல வரணும்?

தேவகோட்டை டைகர்:
"மேல"ன்னு தானேப்பா சொல்லியிருக்காரு. அந்த மேலயில இருக்கு என் பத்து டாலர்.

முகப்புத்திண்ணை:
எனக்கு எழுபத்தி ரெண்டு வயசு. 1980ல முகமது அலி மெட்ராஸுக்கு வந்தப்போ நேரு ஸ்டேடியத்துல நேர்ல பாத்தேன், காட்சிச் சண்டை. எம்ஜிஆர் முதலமைச்சர். டிவியும் இல்ல பில்லும் இல்ல. 1971ல அலி ஃப்ரேசியர் சண்டைக்கே அமெரிக்காவுல தியேட்டர்ல திரை கட்டி டிக்கெட் போட்டான், அதுனால காசு வாங்குறது புதுசு இல்ல. வீட்டுக்குள்ள வந்து வாங்குறது தான் புதுசு.

கண்டனூர் மாப்ளே:
ஐயா நீங்க போன வருஷம் எழுதுனப்போ அலியை ஏர்போர்ட்டுல பாத்தேன்னீங்க.

முகப்புத்திண்ணை:
ரெண்டு இடத்துலயும் பாத்தேன். உனக்கென்ன.

புதுவயல்காரன்:
இப்ப நான் உண்மையச் சொல்லிடுறேன், பத்து வருஷமா மனசுல கெடக்கு. 2015 மே 2, சனிக்கிழமை ராத்திரி. நான் ஆறு மாச புராஜெக்டுக்கு நியூஜெர்சி எடிசன் போயிருந்தேன். டைகர் அண்ணன் வீட்ல தான் எல்லாரும் கூடுனோம். நாங்க 8 பேரு. ஆளுக்கு 12.50 வாங்குனாரு. மொத்தம் 100. கடைசி நேரத்துல வந்து விழுந்த ஆர்டரை கேபிள்காரங்க சிஸ்டம் தாங்காம சண்டையே லேட்டாச்சு, அந்த முக்கா மணி நேரமும் நான் அந்த டிவியத் தான் பாத்துகிட்டு இருந்தேன். பக்கியாவ் டிரவுசர்ல என்ன எழுதியிருக்குன்னு படிக்க முடியல. மேவெதர் மூஞ்சி ஆத்தங்குடி கல்லு மாதிரி கட்டம் கட்டமா தெரிஞ்சுது. அது எச்டியாண்ணே? 89.95 போக 10 டாலர் 5 சென்ட் எங்க போச்சு? அன்னிக்கு டாலர் சுமாரா 63 ரூபா. அறுநூறு ரூபாய்க்கு மேல ஆவுது.

தேவகோட்டை டைகர்:
அடப்பாவி. இதுக்கா ரெண்டு நாளா காதைக் கடிக்கிற. முதல்ல 8 பேருங்கிறது என்னையும் சேத்து. 7 பேர்கிட்ட வாங்குனது 87.50. நான் தான் கைக்காசு போட்டேன். ரெண்டாவது அது உன் கண்ணாடி பவரு. மூணாவது, அன்னிக்கு என் வீட்டுக்காரி உங்களுக்கெல்லாம் வெள்ளைப் பணியாரம் ஊத்திப் போட்டாளே, அதுக்கு யாரு கணக்கு பாத்தா?

புதுவயல்காரன்:
ஆகா! பணியாரத்துக்கு காசா? செட்டிநாட்டுல பந்தியில உக்காந்தவன்கிட்ட காசு கேட்ட முத ஆளு நீங்க தாண்ணே. எங்க ஐயா பர்மாவுல கொண்டுவிச்சுட்டு, அதான் வட்டித் தொழில் பண்ணிட்டு வந்த மனுஷன், அவரு பேரேட்டுல காலணா விட்டதில்ல, ஆனா சாப்பாட்டை எழுதுனதில்ல. அப்புறம் 8 பேரு உங்களைச் சேக்காம. சோபாவுல 4, கீழ ஜமக்காளத்துல 4, நீங்க சேர்ல.

பள்ளத்தூர் ஆச்சி:
வெள்ளைப் பணியாரத்துக்கு அன்னிக்கு என்ன தொட்டுக்க?

தேவகோட்டை டைகர்:
தேங்காச் சட்னி ஆச்சி.

பள்ளத்தூர் ஆச்சி:
தேங்காச் சட்னியா? வெள்ளைப் பணியாரத்துக்கு வரமிளகாய் சட்னி இல்லாமயா போடுவாங்க? அப்ப அது 12.50 பெறாது தம்பி.

தேவகோட்டை டைகர்:
எடிசன்ல நம்ம மிளகாய் கிடைக்கலைங்க ஆச்சி.

கண்டனூர் மாப்ளே:
எடிசன்லயா கிடைக்கல? காரைக்குடில கிடைக்காதது கூட அங்க கிடைக்குமேண்ணே. சரி அத விடுங்க, என் மச்சான் காரைக்குடில ஞாயித்துக்கிழமை காலையில இட்லி தின்னுகிட்டே மாசக் கேபிள் காசுலயே அந்தச் சண்டைய பாத்து முடிச்சுட்டான். அவன் யாருக்கும் 12.50 குடுக்கல. இப்ப நிலவரமே மாறிப்போச்சு. 2024 நவம்பர்ல டைசன் ஜேக் பால், 2025 செப்டம்பர்ல கனேலோ கிராஃபோர்ட், ரெண்டுமே நெட்ஃபிளிக்ஸ்ல, சந்தா கட்டுனவனுக்கு தனிக் காசு கிடையாது.

தேவகோட்டை டைகர்:
பாத்தியா, விலை எறங்குதுன்னு மாப்ளையே சொல்லிட்டாரு.

புதுவயல்காரன்:
டைசனுக்கு அப்ப 58 வயசு, ரெண்டு நிமிஷ ரவுண்டு. அத சண்டையில சேப்பீங்களா? நெட்ல சண்டை காட்டுற டாஸோன் கம்பெனி கதை தெரியுமா? 2018ல அமெரிக்காவுக்கு வந்தப்போ பே பர் வியூ, அதான் சண்டைக்குச் சண்டை தனிக் காசு கட்டுறது, செத்துப்போச்சு, மாசம் 9.99 போதும்னு விளம்பரம் பண்ணாங்க. மாச விலை 19.99 ஆச்சு. 2022 மேயில கனேலோ பிவோல் சண்டைக்கு அவங்களே பே பர் வியூ போட்டாங்க, ஏற்கனவே சந்தா கட்டுனவனுக்கும் 59.99, புது ஆளுக்கு 79.99. மாசா மாசம் கட்டிட்டு, சண்டை அன்னிக்கு மறுபடியும் கட்ட வேண்டியதாப் போச்சு. இதுக்குப் பேரு எறக்கமா? வட்டிக்கு வட்டி போட்டவன் பேரன் நான், எனக்கே மயக்கம் வருது. ஆனா அதெல்லாம் அப்புறம். 89.95.

கண்டனூர் மாப்ளே:
நீங்க ரெண்டு பேரும் பேசுறது ஒரே விஷயமாண்ணே? அவரு அதிகபட்ச விலையச் சொல்றாரு, நீங்க சாதாரண சண்டை விலையச் சொல்றீங்க.

புதுவயல்காரன்:
மாப்ளே நீங்க நடுவுல வராதீங்க. உங்க தங்கச்சி கல்யாணத்துக்கு டைகர் அண்ணன் பெரிய மொய் செஞ்சாருன்னு எல்லாருக்கும் தெரியும்.

கண்டனூர் மாப்ளே:
மொய்க்கும் மேவெதருக்கும் என்னய்யா சம்பந்தம்??

முகப்புத்திண்ணை:
மெட்ராஸ்ல அலி சண்டைக்கு ஜிம்மி எல்லிஸ்ங்கிற பாக்ஸர் கூட வந்திருந்தாரு. அதை யாரும் கேக்கல.

தேவகோட்டை டைகர்:
கொப்புடையம்மன் மேல சத்தியமா அது எச்டி. அந்த டிவிய நான் தேங்க்ஸ்கிவிங் சேல்ல வாங்குனேன், 42 இஞ்ச்.

புதுவயல்காரன்:
டிவி எச்டியா இருக்கலாம். நான் கேக்குறது கேபிள் பாக்ஸ். அதுவும் நீங்க வாங்குன விலை. சாமியை இழுக்காதீங்க, பில்ல போடுங்க.

தேவகோட்டை டைகர்:
பத்து வருஷத்துக்கு முந்தின பில்லை எவன்யா வச்சிருப்பான்? அந்தக் கணக்கையே மூடிட்டேன்.

புதுவயல்காரன்:
நான் வச்சிருக்கேன். 2015 டைரி. மே 2. "டைகர் அண்ணன், சண்டை, 12.50, பணியாரம் 6." போட்டோ எடுத்துப் போடவா?

பள்ளத்தூர் ஆச்சி:
ஆறா? தேங்காச் சட்னியோடவா ஆறு தின்னீங்க?

தேவகோட்டை டைகர்:
ஆறு தின்னுட்டு 12.50க்கு அழுவுறான் பாருங்க ஆச்சி. தம்பி, அடுத்த மாசம் நகரத்தார் வீட்டு விசேஷத்துக்கு காரைக்குடி வர்றேன். செக்காலை ரோட்டுல வச்சு 10 டாலரை உன் கையில குடுக்குறேன், வாங்கிக்க. ஆனா 99.95.

புதுவயல்காரன்:
10 டாலர் இல்லண்ணே, 10 டாலர் 5 சென்ட். 89.95.