முதல் உலகப் போரை அமெரிக்கா மறந்துவிட்டதா?

ஏட்டுச்சுவடி:
1917 ஏப்ரல் 6 அன்று போரில் இறங்கி, அடுத்த பத்தொன்பது மாதங்களில் 1,16,000-க்கும் மேற்பட்ட படையினரைப் பறிகொடுத்த நாடு, தன் தலைநகரில் அப்போருக்கென ஒரு தேசிய நினைவிடத்தைத் திறக்க 2021 வரை எடுத்துக்கொண்டது. வியட்நாம் போருக்கு 1982-இலும், கொரியப் போருக்கு 1995-இலும், இரண்டாம் உலகப் போருக்கு 2004-இலும் அங்கே நினைவிடங்கள் வந்துவிட்டன. போர் ஓய்ந்த நவம்பர் 11-ஐயும் 1954-இல் எல்லாப் போர்களின் முன்னாள் வீரர்களுக்குமான நாளாகப் பெயர் மாற்றிவிட்டார்கள். அப்போரில் பங்கேற்றவர்களில் கடைசிவரை உயிரோடிருந்த அமெரிக்க வீரரான ஃபிராங்க் பக்கிள்ஸ், தலைநகரில் நினைவிடம் வேண்டும் என்று முதிய வயதிலும் வாதாடியவர், அது எழும்பாமலேயே 2011-இல் 110 வயதில் மறைந்தார். இதற்கு மறதி என்பதைத் தவிர வேறு பெயர் உண்டா?

கான்சஸ்வாசி:
நண்பரே, நினைவு வாஷிங்டனில் மட்டுமா இருக்க வேண்டும்? நான் குடியிருக்கும் கான்சஸ் சிட்டியில் 1919-இலேயே பொதுமக்கள் பத்தே நாட்களில் 25 இலட்சம் டாலர் திரட்டி, 1926-இல் உயர்ந்த கோபுரத்துடன் நினைவிடத்தைத் திறந்துவிட்டார்கள். அதன் அடியில் உள்ள அருங்காட்சியகத்திற்குள் நுழைய ஒரு கண்ணாடிப் பாலத்தைக் கடக்க வேண்டும். காலுக்குக் கீழே 9,000 செம்பாப்பிப் பூக்கள். ஒவ்வொரு பூவும் உலகெங்கும் மாண்ட ஆயிரம் வீரர்களுக்கானது. என் மகள் பாதிவழியில் நின்று எண்ணத் தொடங்கி, நாற்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டாள்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டில் இறந்தவரின் உடலை ஊருக்குக் கொண்டுவருவதா, அங்கேயே விடுவதா என்று அரசு குடும்பங்களையே கேட்டது. ஏறத்தாழ 46,000 உடல்கள் திரும்பின. சுமார் 30,000 ஐரோப்பாவிலேயே தங்கின. ஆகவே துக்கம் தலைநகருக்குப் போகாமல் ஊர் இடுகாடுகளுக்குப் போனது. அதை மறதி என்பது நியாயமன்று.

நிலவன்:
இருவரும் 'அமெரிக்கா' என்று ஒரே ஆளைப்போலப் பேசுகிறீர்கள். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த கறுப்பின 369-ஆம் படைப்பிரிவை அமெரிக்கத் தளபதிகள் பிரெஞ்சுப் படையிடம் ஒப்படைத்தார்கள். அது 191 நாட்கள் போர்முனையில் இருந்தது. 1918 மே மாத இரவொன்றில், குண்டுகள் தீர்ந்த பின் கத்தியால் போரிட்டுத் தோழரைக் காப்பாற்றிய அப்படைப்பிரிவின் ஹென்றி ஜான்சனுக்குப் பிரான்ஸ் உடனே பதக்கம் அளித்தது. சொந்த நாட்டின் உயரிய வீரப்பதக்கம் வந்தது 2015-இல். அவர் இறந்ததோ 1929-இல். ஊர் இடுகாடு நினைவில் வைத்தது என்றால், எந்த ஊர், யாருடைய இடுகாடு?

ஏட்டுச்சுவடி:
குடும்பங்கள் மறக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் குற்றச்சாட்டு அரசின் மீது. 1924-இல் சட்டமாக்கிய ஊக்கத்தொகையை 1945-இல்தான் தருவோம் என்றவர்கள், பொருளாதாரப் பெருமந்தத்தில் பட்டினி கிடந்த முன்னாள் வீரர்கள் அதை முன்கூட்டியே கேட்டு 1932-இல் தலைநகருக்கு வந்தபோது, கண்ணீர்ப்புகையும் குதிரைப்படையும் கொண்டு அவர்களைத் துரத்தினார்கள்; குடிசைகள் எரிந்தன. படையை நடத்தியவர் அன்றைய தரைப்படைத் தலைமைத் தளபதி டக்ளஸ் மெக்ஆர்தர்.

நிலவன் சொல்லாத ஒன்றும் உண்டு. இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோரைக் கொன்றவை நோய்கள், அதிலும் பெரும்பாலும் 1918-இன் இன்ஃபுளுயன்சா. பயிற்சி முகாமில் காய்ச்சலில் செத்த மகனுக்குப் போர்க்களக் கதை ஏது? கதையில்லாத சாவைச் சிலையாக வடிப்பது கடினம்.

கான்சஸ்வாசி:
1932-ஐப் பற்றி மறுக்க என்னிடம் எதுவுமில்லை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, அதே வாஷிங்டனில், நகரவாசிகளான வீரர்களுக்கு வட்டமான தூண்மண்டபம் ஒன்று திறக்கப்பட்டது. வாத்தியக்குழு உள்ளே நின்று வாசிப்பதற்கும் ஏற்றவாறு கட்டியது. அதன் அடிப்பீடத்தில் 499 பெயர்கள், நிறமும் பதவியும் பாராமல் அகரவரிசையில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நிலவன் ஐயா, இதற்கு உங்கள் பதில் என்ன?

நிலவன்:
அந்தக் கல்லை மதிக்கிறேன். எனினும் அதே ஆண்டுகளில், 1930 முதல் 1933 வரை, பிரான்சிலுள்ள கல்லறைகளைக் காண 6,000-க்கும் மேற்பட்ட தாய்மாரையும் கைம்பெண்களையும் அரசு தன் செலவில் அனுப்பியது. வெள்ளையர்களுக்கு வசதியான பயணக்கப்பல். கறுப்பினத் தாய்மார்களுக்குத் தனிக் குழு, தரம் குறைந்த கப்பல். அவர்களில் சிலர் அழைப்பை மறுத்துவிட்டு, மகனின் கல்லறையைக் காணாமலேயே வீட்டிலிருந்தார்கள்.