பெட்டிக்குள் ஓடினாலும் அது கணக்குதானே? ஒரு ரிவெர்ப் சண்டை

தகடுபிரியன்:
நேற்று ஒரு மெதுவான பாட்டை மிக்ஸ் செய்துகொண்டிருந்தேன். குரலுக்கு, கணினிக்குள் மென்பொருளாக ஓடும் பிளகின் ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) போட்டு அரை மணி நேரம் திருகியும் மனம் ஒப்பவில்லை. டெய்லை, அதாவது எதிரொலி தேயும் நீளத்தைக் கூட்டினால் சொற்கள் மங்குகின்றன, குறைத்தால் குரல் துருத்திக்கொண்டு நிற்கிறது. கடைசியில் அதே சென்டை (ரிவெர்புக்கு அனுப்பும் குரலின் நகலை) வெளியே எடுத்து என் லெக்சிகான் பிசிஎம் 91 ரிவெர்ப் பெட்டி வழியாக விட்டேன். குரல் ஓரடி பின்னால் போய் நின்றது, ஒரு சொல்லும் மங்கவில்லை. எல்லாம் கணினிக்குள்ளேயே கிடைக்கிறது என்பவர்கள் ஒரு நல்ல பெட்டியை ஒருமுறையாவது கேளுங்கள்.

கணினிவாசி:
பல வருஷம் கேட்டுவிட்டு விற்றவன் நான். பிசிஎம் 91-உம் கணினிதான் தலைவரே. உள்ளே ஒலியைக் கணக்கிடும் டிஎஸ்பி சிப், அதில் ஓடுவது புரோகிராம். சிக்னலைத் தாமதப்படுத்தித் திருப்பித் திருப்பி ஊட்டி எதிரொலியை அடர்த்தியாக்கும் வித்தையை பெல் ஆய்வகத்தின் மன்ஃப்ரெட் ஷ்ரோடர் 1962-லேயே எழுதிவிட்டார். லெக்சிகானே தன் பிசிஎம் வரிசை ரிவெர்புகளைப் பிளகினாகவும் விற்றது. கணக்கு அதே கணக்கு, ஓடுகிற இடம்தான் வேறு. அப்புறம், இரண்டையும் ஒரே சத்த அளவில் வைத்துத்தான் கேட்டீர்களா? ரிவெர்ப் ஒரு டெசிபல் கூடினாலே "ஆழம் வந்துவிட்டது" என்று காது சொல்லும்.

தகடுபிரியன்:
அளவைச் சரிசெய்துதான் கேட்டேன். கணக்கு ஒன்றுதான் என்பது பாதி உண்மை. 1978-இல் வந்த லெக்சிகான் 224-இல் இருந்தது ஒலியை எண்களாக மாற்றும் 12 பிட் கன்வர்ட்டர். அதன் கரகரப்பும், மேல் அதிர்வெண்கள் பாதி வழியில் நின்றுபோவதும் சேர்ந்ததுதான் அந்த ஒலி. இன்னொன்று, என்னிடம் ஒரே பெட்டிதான். குரல், கிட்டார், ஸ்நேர் டிரம் எல்லாம் ஒரே அறைக்குள் போகின்றன. நீங்கள் டிராக்குக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பிளகின் திறக்கிறீர்கள். பாட்டு எந்த அறையில் நடக்கிறது என்று பாட்டுக்கே தெரிவதில்லை.

கணினிவாசி:
அது பெட்டியின் குணமில்லை, வசதி இல்லாததால் வந்த ஒழுக்கம். ஓர் ஆக்ஸில் (எல்லா டிராக்குக்கும் பொதுவான பாதையில்) ஒரே பிளகினைப் போட்டு எல்லாவற்றையும் அனுப்பினால் எனக்கும் ஒரே அறைதான். உங்கள் குரல் மங்கியதற்குக் காரணம் வேறாக இருக்கலாம். ரிவெர்புக்குப் போகிற சிக்னலில் 600 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டிவிடுவது ஆபி ரோடு ஸ்டூடியோவின் பழைய பழக்கம். அதைச் செய்து பார்த்தீர்களா? மூன்று வாரம் கழித்து "குரலை மட்டும் கொஞ்சம் ஏற்றுங்கள்" என்று ஆள் வரும்போது நான் ஃபைலைத் திறந்து ஐந்து நிமிஷத்தில் கொடுத்துவிடுவேன். நீங்கள் பெட்டியின் அமைப்புகளை நோட்டில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

தகடுபிரியன்:
அதற்காகத்தான் வெட் ஒலியை, அதாவது ரிவெர்ப் மட்டும் உள்ள ஒலியைத் தனி டிராக்காகவே பதிந்து வைக்கிறேன். ஃபைலைத் திறப்பேன் என்கிறீர்களே, 2019-இல் மேக் இயங்குதளம் 32 பிட் மென்பொருளைக் கைவிட்டபோது என் பழைய பாட்டுகள் பாதி ஊமையாகிவிட்டன. நான் நம்பியிருந்த பிளகினுக்குப் புதுப் பதிப்பு வரவே இல்லை. பெட்டியில் மெமரி பேட்டரி செத்தால் மாற்றிக்கொள்ளலாம்.

ராத்திரிமிக்ஸ்:
இருவரும் ஹார்ட்வேர் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுகிறீர்கள். 1957-இல் வந்த இஎம்டி 140 தகடு ரிவெர்பில் கணக்கே கிடையாது. சுமார் 270 கிலோ எடையுள்ள பெட்டி, உள்ளே தொங்கும் மெல்லிய எஃகுத் தகடு, அதை அதிரவைக்க ஒரு டிரைவர், அதிர்வைப் பிடிக்கப் பிக்கப். தகட்டில் உயர்ந்த அதிர்வெண்கள் வேகமாகவும் தாழ்ந்தவை மெதுவாகவும் போகும். அதனால்தான் ஸ்நேரில் அடித்தவுடனே அந்தப் பளபளப்பு. இதைக் கணினியில் கொண்டுவர உண்மையிலேயே மெனக்கெட வேண்டும். டிஜிட்டல் பெட்டியைப் பொறுத்தவரை நான் கணினிவாசி பக்கம்.

ஆனால் ஓர் அறையின் அல்லது பெட்டியின் எதிரொலியைப் பதிவெடுத்து அதை ஒலியின் மேல் போடும் கன்வல்யூஷனை இதில் சேர்க்காதீர்கள். அதற்கு எடுக்கும் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்பது ஒரு கணத்தின் பதிவு. லெக்சிகான் பெட்டிகளில் டிலே நேரங்கள் உள்ளே சதா அசைந்துகொண்டே இருக்கும், அந்த அசைவு பதிவில் வராது. ஒரு பெட்டியின் இம்பல்ஸை இறக்கிக்கொண்டு "அந்தப் பெட்டியே என்னிடம் இருக்கிறது" என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

கணினிவாசி:
ஒப்புக்கொள்கிறேன். அசைவுள்ள அல்காரிதம் பிளகின்களைப் பற்றித்தான் நான் பேசினேன். அந்த அசைவால், ஒன்றைத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டி வித்தியாசம் பார்க்கும் நல் டெஸ்டும் இங்கே செல்லாது. ஒரே பெட்டியில் இரண்டு முறை ஓட்டினாலே ஒன்றையொன்று அழிக்காது. காதை மட்டும்தான் நம்ப வேண்டும், அதுவும் பெயரை மறைத்துவிட்டு.

ராத்திரிமிக்ஸ்:
நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு தகடும் ஒரு டிஜிட்டல் பெட்டியும் இருக்கின்றன. குரலில் இரண்டு, ஸ்நேரில் இரண்டு துண்டுகள் ஏற்றியிருக்கிறேன். எல்லாம் ஒரே சத்த அளவு, சென்டில் ஒரே ஃபில்டர். ஒவ்வொரு ஜோடியிலும் எது பிளகின் என்று சொல்லுங்கள்.

தகடுபிரியன்:
குரலில் இரண்டாவது பிளகின். ஸ்நேரில் முதலாவது பிளகின்.

ராத்திரிமிக்ஸ்:
குரலில் தவறு, முதலாவதுதான் பிளகின். ஸ்நேரில் சரி.

கணினிவாசி:
குரலில் தவறுமென்று எதிர்பார்த்தேன். ஸ்நேரில் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? எனக்குப் பிடிபடவே இல்லை.

தகடுபிரியன்:
நேர்மையாகச் சொல்கிறேன், ஒலியின் அழகைக் கேட்டு அல்ல. இரண்டாவது துண்டில் டெய்ல் தேயும்போது பின்னால் யாரோ கதவைச் சாத்துவது கேட்டது. தகடு அதையும் பிடித்திருக்கிறது.

ராத்திரிமிக்ஸ்:
நான்தான் சாத்தினேன்.

கணினிவாசி:
பொறுங்கள், அடுத்த அப்டேட்டில் கதவுக்கும் ஒரு திருகு வைத்துவிடுவார்கள்.