திரளோம்பி, தாங்குகூறு, பதிப்புயர்த்தல்: மூன்று சொற்களுக்கான முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

பெருந்தரவைப் பல கணினிகளில் பகிர்ந்து செயலாக்கும் அப்பாச்சி ஸ்பார்க் என்னும் மென்பொருளின் ஆவணங்களைத் தமிழாக்கும்போது, கிளஸ்டர் மேனேஜர், டிபென்டென்சி, அப்கிரேட் ஆகிய மூன்றையும் எப்படி எழுதுவது என்று எழுந்த கேள்விக்கு இதுவரை வந்த மறுமொழிகளை முழுமையாகப் படித்தேன். பல கணினிகளின் வளங்களைப் பகிர்ந்தளிக்கும் மெசோஸ் என்னும் மென்பொருளின் நூலகத்தை ஸ்பார்க் தன்னுடன் எடுத்துச்சென்றது; அதன் பதிப்பு எண் மாறியதைத் தெரிவிக்கும் ஒற்றை வரிக்கு, "கொத்தணி மேலாளர் சார்பினைத் தரமுயர்த்துதல்" என்ற வடிவம் முன்வைக்கப்பட்டு, பெரும்பாலோர் அதை ஏற்றும் இருக்கிறீர்கள். தனித்தனியே பார்த்தால் இந்தச் சொற்கள் எல்லாம் வழக்கில் உள்ளவைதாம். ஆனால் தொடராக வாசிக்கும்போது நடந்தது ஒன்று, சொல்லப்படுவது வேறொன்று என்று எனக்குப் படுகிறது. மூன்றிலும் அதிகக் குழப்பம் தருவது "சார்பு" என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

"சார்பு" என்பது இரண்டு பொருள்களுக்கு இடையிலான உறவின் பெயர். அந்த உறவில் சார்வது எது, சாரப்படுவது எது என்பதை அச்சொல் தானாகக் காட்டுவதில்லை. ஆனால் அது ஒரு பெயருக்கு முன் அடையாக வரும்போது தமிழ் வழக்கு அதற்கு ஒரு திசையைக் கொடுத்துவிடுகிறது. சார்பெழுத்து என்பது முதலெழுத்தைச் சார்ந்து ஒலிக்கும் எழுத்து; சார்பதிவாளர், சார்பு ஆய்வாளர், சார்பு நீதிமன்றம் ஆகிய எல்லாவற்றிலும் சார்பு என்ற அடையைத் தாங்கி நிற்பது கீழ்நிலையில் உள்ளதுதான். அந்த வழக்கில் ஊறிய வாசகர் "சார்பு நூலகம்" என்பதைக் கண்டால், ஸ்பார்க்கை அண்டி வாழும் ஏதோ ஒரு துணை நூலகம் என்றே கொள்வார் (நூலகம் என்பது இங்கே பிற மென்பொருள்கள் எடுத்தாளும் ஆயத்த நிரல்தொகுப்பு). உண்மை நேர்மாறானது. மெசோஸ் நூலகம் இல்லாமல் ஸ்பார்க்கின் மெசோஸ் பகுதியைத் தொகுக்கவே முடியாது. ஸ்பார்க் இல்லாவிட்டாலும் மெசோஸ் தன் பாட்டுக்கு இயங்கும். போதாக்குறைக்கு, கணிதப் பாடநூல்களில் "உறவுகளும் சார்புகளும்" என்று படித்து வந்தவர்களுக்குச் சார்பு என்றால் வேறு பொருள் ஏற்கெனவே உண்டு. தரவின் ஒவ்வொரு வரிசையின்மீதும் ஒரு சார்பைச் செலுத்துவதையே தொழிலாகக் கொண்ட மென்பொருளின் ஆவணத்தில் இந்த மோதலைத் தள்ளிவிட முடியாது.

"சார்நிரல்" என்ற மாற்றுச் சொல் செவிக்கு இனிமையாக இருக்கிறது. அதை முன்மொழிந்த நண்பருக்கு நன்றி. ஆனால் அது வினைத்தொகை. ஊறுகாய் என்பதில் ஊறுவது காய். உண்கலம் என்பதிலோ கலம் உண்பதில்லை, நாம்தான் அதில் உண்கிறோம். அதேபோல் சார்நிரல் என்பது சார்கின்ற நிரலாகவும் இருக்கலாம், சாரப்படும் நிரலாகவும் இருக்கலாம். ஆகவே வினையையே மாற்றிப் பார்த்தேன். தாங்குதூண், தாங்குசுவர் என்பவற்றில் எது எதைத் தாங்குகிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். அந்த வாய்பாட்டில் "தாங்குகூறு" என்பதை முன்மொழிகிறேன்.

"தாங்குநூலகம்" என்றே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். மெசோஸையே சற்று நெருங்கிப் பார்த்தால் அது ஏன் போதாது என்பது விளங்கும். ஸ்பார்க்கைத் தொகுக்க உதவும் மேவன் என்னும் கருவியின் கட்டமைப்புக் கோப்பில் மெசோஸின் பதிப்பெண் ஒரே வரியில் இருந்தது. ஸ்பார்க் 2.0-இல் அது 0.21.1, அதே 2016-ஆம் ஆண்டின் இறுதியில் வந்த 2.1-இல் அது 1.0.0. அந்த வரியைத் திருத்தியதும் மாறுவது ஸ்பார்க்கின் தொகுப்போடு செல்லும், ஜாவா நிரல்களை ஒன்றாகப் பொதிந்த ஜார் கோப்பு மட்டுமே. அந்த ஜார் கோப்போ இயங்கும் கணினியில் தனியாக நிறுவப்பட்ட லிப்மெசோஸ் என்னும் இயற்பொறி நூலகத்தை (கணினியின் எந்திரமொழியில் உள்ள நூலகத்தை) அழைக்கிறது. அது இருக்கும் பாதையைச் சூழல் மாறி ஒன்றின் வழியே காட்ட வேண்டும். அதற்கும் அப்பால், வலையமைப்பில் வேறொரு கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் மெசோஸ் தலைமைச் சேவை இருக்கிறது. ஜார் கோப்பு, இயற்பொறி நூலகம், சேவை ஆகிய மூன்றும் ஸ்பார்க்கைத் தாங்கின; மூன்றுக்கும் தனித்தனிப் பதிப்பெண்கள் உண்டு; ஒன்றை உயர்த்தினால் மற்றவை தாமாக உயர்வதில்லை. நூலகம் என்ற சொல் இவற்றுள் சேவையை வெளியே தள்ளிவிடுகிறது. கூறு என்றால் மூன்றும் அடங்கும்.

இச்சொல்லுக்கு ஒரு குறையும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. கூறு என்பது நெடில்தொடர்க் குற்றியலுகரம் ஆதலால், வேற்றுமை ஏற்கும்போது "தாங்குகூற்றை", "தாங்குகூற்றின்" என்று றகரம் இரட்டிக்கும். கூற்று என்றால் சொன்ன சொல்லும் ஆகும், எமனும் ஆவான். எமனைத் தாங்கும் மென்பொருளா என்று யாராவது கேலி செய்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். செயற்கூறு என்ற சொல் இதே இடரோடு பாடநூல்களில் நிலைபெற்றுவிட்டது. தாங்குகூறு ஒன்று தன் பங்குக்குச் சார்ந்திருக்கும் மற்றொன்றை "வழித்தாங்குகூறு" எனலாம். இது கட்டாயம் தேவைப்படும், ஏனெனில் மெசோஸ் உயர்த்தலில் உண்மையான தலைவலி, தரவைப் பொதிந்து அனுப்ப உதவும் நூலகமும் வழித்தாங்குகூறுமான புரோட்டோபஃப்தான். ஹடூப் என்னும் பெருந்தரவு மென்பொருளுக்கு ஒரு புரோட்டோபஃப் பதிப்பு வேண்டும், மெசோஸுக்கு வேறொன்று. இரண்டும் ஒரே ஜாவா இயக்கச்சூழலில் சந்தித்தால் ஒன்று மற்றதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதைத் தவிர்க்கவே, புரோட்டோபஃபைப் பெயர்வெளி (நிரலில் பெயர்கள் மோதாமல் பிரிக்கும் முன்னொட்டு) மாற்றி உள்ளே பொதிந்த மெசோஸ் ஜார் கோப்பை ஸ்பார்க் எடுத்துக்கொண்டது.

அடுத்தது, ஒன்றாக இயங்கும் கணினிக் கூட்டத்தைக் குறிக்கும் கொத்தணி. இச்சொல்லின்மீது எனக்கு மனத்தாங்கல் ஏதுமில்லை. வேறு மென்பொருளாயின் ஏற்றுக்கொண்டிருப்பேன். ஆனால் ஸ்பார்க்கின் இயந்திரக் கற்றல் பகுதியில், ஒத்த தரவுப்புள்ளிகளைக் கொத்துக் கொத்தாகப் பிரிக்கும் கே-சராசரி போன்ற வழிமுறைகள் உள்ளன. கொத்தணியில் கொத்தாக்கம் என்று ஒரே பத்தியில் எழுத நேரும்போது புதிதாகப் படிப்பவர் கட்டாயம் தடுமாறுவார். தரவுக்குக் கொத்து, கணினிகளுக்குத் திரள் என்று பிரித்துவிடலாம்.

மேலாளர் என்ற சொல்லில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, "-ஆளர்" ஈறு ஆளைக் குறிப்பது. உலாவி, வழங்கி, தொகுப்பி என்று இகர ஈற்றில் அஃறிணைப் பெயர்களை அமைத்து நெடுநாள் ஆகிறது. மற்றொன்று, மேலிருந்து கட்டளையிடும் அதிகாரத்தை அச்சொல் உணர்த்துகிறது. மெசோஸ் கட்டளையிடுவதில்லை. இன்ன கணினியில் இத்தனை மையச் செயலகங்களும் இவ்வளவு நினைவகமும் இருக்கின்றன, வேண்டுமா என்று அது முன்வந்து கேட்கும். எடுப்பதும் மறுப்பதும் அதைப் பயன்படுத்தும் மென்பொருளின் விருப்பம். ஹடூப்பின் பகுதியாகிய யார்ன் வேறு வழியில் இயங்குகிறது: கேட்டவருக்குக் கேட்டதைப் பார்த்து ஒதுக்கும். குபர்னெட்டிஸ் என்னும் மென்பொருளில் ஸ்பார்க் தனக்கு வேண்டிய கலன்களை (மென்பொருளைத் தனித்து இயக்கும் பொதிகளை) உருவாக்கக் கோரும், எந்தக் கணினியில் வைப்பது என்பதைக் குபர்னெட்டிஸ் முடிவு செய்யும். ஸ்பார்க்கின் சொந்தத் தனிநிலை முறையையும் சேர்த்து நான்குக்கும் பொருந்தும் சொல்லே நமக்கு வேண்டும்.

"திரள்வள ஒதுக்கி" என்பதைச் சில நாள் எழுதிப் பார்த்தேன். "திரள்வள ஒதுக்கி வேலையைத் தொடங்கியது" என்ற வாக்கியத்தில் ஒதுக்கி என்பது பெயரா, வினையெச்சமா என்று மறுநாள் எனக்கே ஐயம் வந்தது. அதன்பின் தோன்றியது "திரளோம்பி". ஓம்புதல் என்றால் பேணுதல், காத்தல். எந்தக் கணினி உயிரோடு இருக்கிறது, எதில் இடம் மிச்சம் இருக்கிறது, எது விழுந்துவிட்டது என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் இந்த நான்குக்கும் பொதுவான வேலை. ஓம்பி என்பதும் வடிவத்தில் வினையெச்சந்தான் என்றாலும் இன்றைய உரைநடையில் யாரும் அதை எச்சமாக எழுதுவதில்லை. ஆகவே மயக்கம் எழாது. பழைய நெடி அடிக்கிறது என்பார்கள். அந்தப் பழமைதான் இங்கே பயன்படுகிறது.

தரமுயர்த்துதல் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எண் உயர்ந்தால் தரமும் உயரும் என்பதற்கு உறுதி இல்லை. உயர்த்தியபின் உடைந்துபோன மென்பொருள்களைப் பார்க்காதவர் நம்மில் இருக்க முடியாது. "மேம்படுத்தல்" என்பதற்கும் இதே தடை. "பதிப்புயர்த்தல்" நடந்ததை மட்டும் சொல்கிறது. பாதுகாப்புத் திருத்தங்களுக்காக அன்றைய நிலைக்குக் கொண்டுவருவதை வழக்கம்போல் இற்றைப்படுத்தல் என்றே சொல்வோம்.

மெசோஸ் ஆதரவே கைவிடப்பட்ட பின்பு இவ்வளவு உழைப்பு எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். 3.2 பதிப்பில் அது வழக்கொழியும் என அறிவிக்கப்பட்டதும் 4.0-இல் நீக்கப்பட்டதும் உண்மைதான். ஆனால் குபர்னெட்டிஸோடு பேச ஸ்பார்க் பயன்படுத்தும் ஃபேப்ரிக்8 நூலகத்தின் பதிப்பும் காலத்துக்குக் காலம் உயர்த்தப்படுகிறது. அந்த மாற்றக்குறிப்பு ஒவ்வொன்றுக்கும் இதே மூன்று சொற்கள் வேண்டும். கலைச்சொல்லை மாற்றுவது பற்றிக் கூச்சப்படவும் தேவையில்லை. மெசோஸே தன் 1.0 பதிப்பில், அடிமை என்று பொருள்பட்ட பழைய பெயரை விட்டுவிட்டு முகவர் என்று பொருள்படும் பெயருக்கு மாறியது.

ஆக, விவாதத்துக்கு உரிய வரியை நான் இப்படி எழுதுவேன்: "மெசோஸ் திரளோம்பிக்கான தாங்குகூறு 0.21.1-இலிருந்து 1.0.0-க்குப் பதிப்புயர்த்தப்பட்டது." வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், இடறும் இடத்தைச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பெயர்வெளி மாற்றி உள்ளே பொதிதல் என்ற செயலை மேலே நீட்டி முழக்கித்தான் சொல்ல முடிந்தது. மேவன் வழக்கில் உள்ள சொல்லைப் பின்பற்றி "நிழலிடல்" என்று சிலர் எழுதுகிறார்கள். நிழலுக்கும் இச்செயலுக்கும் உள்ள தொடர்பு தமிழில் விளங்கவில்லை. "மறைபொதிவு" என்று குறித்து வைத்திருக்கிறேன், ஆனால் தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவதைக் குறிக்கும் மறையாக்கம் என்ற சொல்லோடு அது குழம்பும் என்ற அச்சமும் கூடவே இருக்கிறது. இதற்கு யாரேனும் நல்ல சொல் தந்தால் மொழிபெயர்ப்பின் அடுத்த பகுதியை அதைக்கொண்டே தொடங்குவேன்.