மறு: பிரஷ் கட்டரின் பிரைமர் பல்பு: ‘ஊட்டுக்குமிழ்’ சரிதானா?

> புதர் வெட்டும் பிரஷ் கட்டரின் பழுதுநீக்கக் கையேட்டில், ஸ்டார்ட் செய்யும் முன் விரலால் அழுத்தும் பிரைமர் பல்புக்கு ‘ஊட்டுக்குமிழ்’ என்று போட்டிருக்கிறேன். எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டுவதால் அந்தப் பெயர். மறுப்பு இல்லையென்றால் இதையே வைத்துக்கொள்ளலாம்.

ஐயா, வணக்கம்.

எனக்கு மறுப்பு உண்டு. சொல் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பொருள் செய்யாத வேலையை அல்லவா சொல்கிறது!

பிரஷ் கட்டரில் கார்புரேட்டருக்கு (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) அடியில் துருத்திக்கொண்டிருக்கும் அந்த உருண்டை, பெரும்பாலான மாடல்களில் எஞ்சினுக்குள் ஒரு சொட்டுப் பெட்ரோலையும் தள்ளுவதில்லை. அழுத்தி விட்டால் டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும். அது கார்புரேட்டரின் அறையை நிரப்பிவிட்டு, மிஞ்சியது இன்னொரு டியூப் வழியாக டேங்குக்கே திரும்பிவிடும். லைனில் நிற்கும் காற்றை வெளியேற்றுவதுதான் அதன் வேலை. ஹோண்டா ஜிஎக்ஸ்35 எஞ்சினின் கையேடும், திரும்பும் டியூபில் பெட்ரோல் தெரியும்வரை அழுத்தச் சொல்கிறது.

‘ஊட்டு’ என்று எழுதினால், வண்டி ஸ்டார்ட் ஆகாதபோது படிப்பவர் என்ன செய்வார்? இன்னும் கொஞ்சம் ஊட்டுவோம் என்று அழுத்திக்கொண்டே இருப்பார். ஸ்பார்க் பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தால் பழியையும் இதன்மேல் போடுவார். பிளக் நனைவது பெரும்பாலும் சோக்கை (ஸ்டார்ட் செய்யும்போது காற்றைக் குறைக்கும் தகடு) எடுக்காமல் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்துக்கொண்டே இருப்பதால்தான்.

இந்தப் பல்பு நமக்குப் பழுதையும் காட்டிக்கொடுக்கும். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் கட்டைவிரலே பாதி சொல்லிவிடும். அழுத்தியது குழிந்தபடியே நின்று மெல்ல எழுந்தால் டேங்குக்குள் கிடக்கும் ஃபில்டர் அடைத்திருக்கிறது, இல்லையென்றால் டியூப் எங்கோ மடிந்திருக்கிறது. அழுத்தவே விடாமல் விறைப்பாக இருந்தால் திரும்பும் வழியில் அடைப்பு. சட்டென்று எழுகிறது, ஆனால் பெட்ரோலோடு குமிழி குமிழியாகக் காற்றும் நிற்காமல் வருகிறதா? இழுக்கும் டியூபில் கீறல் இருக்கிறது. டேங்கின் துளைக்குள் டியூப் நுழையும் இடத்தை முதலில் பாருங்கள். பெட்ரோலே ஏறாமல் டேங்குக்குள் காற்று மட்டும் கொப்புளித்தால், முன்பு கழற்றியவர் டியூப் இரண்டையும் மாற்றிச் செருகியிருக்கிறார். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அதைப் பழைய ரப்பர் தாங்குவதில்லை. சீசன் முடிந்ததும் டேங்கை வடித்து வைக்காதவர்களுக்கு இந்தக் கீறல் அடிக்கடி வரும்.

மேலே ‘குமிழி’ என்று எழுதினேன் அல்லவா? ‘குமிழ்’ என்ற பாதியிலும் சிக்கல் அங்கேதான். “குமிழை அழுத்தும்போது குமிழி வருகிறதா என்று பாருங்கள்” என்று கையேட்டில் எழுதிப் பாருங்கள். வெயிலில் நின்று படிக்கிறவர் நம்மைத் திட்டுவார். ‘பல்பு’ என்றே விடலாம் என்று ஒரு நண்பர் தனிமடலில் எழுதியிருந்தார். பட்டறையில் அப்படிச் சொல்வதும் உண்டுதான். ஆனால் “பல்பு வாங்கினேன்” என்று வாடிக்கையாளர் சொன்னால் சிரிக்காமல் பில் போட முடியாது.

என் பரிந்துரை: உறிஞ்சுமொட்டு. உறிஞ்சுகுழல் எல்லோருக்கும் தெரிந்த சொல், அதே அச்சில் வார்த்தது. ஒற்று மிகுமா மிகாதா என்ற வழக்கமான சண்டையும் இதில் வராது.

*

> தம்பி, விளக்கம் சரி. ஆனால் ‘மொட்டு’ கவிதை வாடை அடிக்கிறதே. பட்டறையில் ‘பம்ப்’ என்கிறார்கள். ‘கைப்பம்ப்’ போதாதா? இன்னொன்று: சில புல்தரை மோவர்களில் உள்ள பல்பு நிஜமாகவே கார்புரேட்டரின் தொண்டைக்குள் பெட்ரோலைத் தள்ளுகிறது. அதற்கு என்ன பெயர்?

ஐயா, கைப்பம்ப் என்றால் ஊரில் அடிகுழாய்தான் நினைவுக்கு வரும். தவிர, இந்தக் கார்புரேட்டருக்குள்ளேயே சவ்வால் இயங்கும் பம்ப் ஒன்று இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது பெட்ரோலை இழுப்பது அதுதான். “பம்ப் போச்சு” என்றால் எந்தப் பம்ப்? சவ்வு விறைத்துப்போனதா, வெளியே பல்பு வெடித்ததா? இரண்டுக்கும் வாங்க வேண்டிய சாமான் வேறு. கவிதை வாடையைப் பொறுத்துக்கொள்ளலாம், தப்பான சாமான் வாங்கிவந்தால் பொறுக்க முடியாது.

மோவர் பற்றிச் சொன்னது முக்கியம், நான் அதைத் தொடவே இல்லை. உங்கள் ‘ஊட்டு’ அங்கே பொருந்துகிறது. அந்த வகைக்கு ஊட்டுமொட்டு என்று வைப்போம். அதை அதிகம் அழுத்தினால் எஞ்சினில் பெட்ரோல் கூடிப்போகும், உறிஞ்சுமொட்டை அதிகம் அழுத்தினால் டேங்குக்குத் திரும்பும். எச்சரிக்கை வாசகம் ஊட்டுமொட்டுக்கு மட்டும் போதும்.

கையேட்டு வரியை இப்படி மாற்றியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

“உறிஞ்சுமொட்டை, திரும்பும் டியூபில் பெட்ரோல் தெரியும்வரை அழுத்தி அழுத்தி விடவும். மொட்டு குழிந்தே நின்றால் ஃபில்டரையும், பெட்ரோலில் குமிழி ஓயாமல் வந்தால் இழுக்கும் டியூபையும் சோதிக்கவும்.”

சோக்குக்கு ‘அடைப்பான்’ என்று போட்டிருப்பதையும் பேச வேண்டும். ஜெட்டில் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் நுண்துளை) அடைப்பு என்று அடுத்த பக்கத்திலேயே வருகிறது. அதைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாமா?